ஒரு நாள் தள்ளி

பிரிட்டிஷ் நீதியை மெச்சுகிறவர்கள் கைவசம் எப்போதும் ஓர் ஆண்டு இருக்கும்: 1794. அந்த ஆண்டின் கோடையில் பாரிஸில் கில்லட்டின் ஓயாமல் இறங்கிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் வந்த ஒரு சட்டம், புரட்சித் தீர்ப்பாயத்தின் முன் நிற்பவனுக்கு வக்கீல் வேண்டாம் என்றது. விடுதலை அல்லது மரணம், நடுவில் எதுவும் இல்லை என்றது. சில மாதம் கழித்து லண்டனில் தாமஸ் ஹார்டி என்ற செருப்புத் தைப்பவர் ராஜத் துரோகக் குற்றத்துக்காகக் கூண்டில் நின்றார். சாமானியருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று கேட்ட சங்கம் ஒன்றின் செயலாளர் அவர். அரசின் தலைமை வழக்கறிஞர் ஜான் ஸ்காட் வழக்கைத் தொடங்கி வைக்கவே ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஹார்டிக்காகத் தாமஸ் எர்ஸ்கின் வாதாடினார். நவம்பர் 5 அன்று ஜூரிகள் ‘குற்றவாளி அல்ல’ என்றார்கள். அடுத்த சில வாரங்களில், அதே குற்றம் சுமத்தப்பட்ட ஹார்ன் டூக்கும் தெல்வாலும் அதே வழியில் வெளியே வந்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு நம்மை ஒரு பார்வை பார்ப்பார்கள். ராஜாவைக் கொல்லச் சதி செய்தான் என்று ராஜாவின் அரசாங்கமே வழக்குப் போட்டாலும், அங்கே ஒரு செருப்புத் தைப்பவனைக்கூடச் சும்மா தூக்கில் போட முடியாது. அதுதான் வெள்ளைக்காரன் சட்டம். கட்சிக்காரர்களும் சொல்கிறார்கள், கட்சி சாராதவர்களும் சொல்கிறார்கள். சட்டம் படித்தவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள்.

அவர்கள் வாதத்தைக் குறைக்காமல் எடுத்துவைக்கிறேன். 1351இல் மூன்றாம் எட்வர்ட் காலத்துச் சட்டம், எது ராஜத் துரோகம் என்று வரையறுத்து, வாய்க்கு வந்ததை எல்லாம் துரோகம் என்று சொல்லும் வழக்கத்துக்கு முடிவு கட்டியது. 1696இல் நடைமுறைக்கு வந்த சட்டம், துரோக வழக்கில் சிக்கியவனுக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையையும், குற்றச்சாட்டின் நகலை முன்கூட்டியே பெறும் உரிமையையும், இரண்டு சாட்சிகள் இல்லாமல் தண்டிக்கப்படாத உரிமையையும் தந்தது. திருட்டுக் குற்றத்தில் பிடிபட்டவனுக்குக்கூட அப்போது அவ்வளவு பாதுகாப்பு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே, அரசுக்குக் கட்டுப்படாத பன்னிரண்டு குடிமக்கள் ஜூரியாக உட்கார்ந்தார்கள். தவறுகள் நடந்தன, ஆனால் தவறிலிருந்து அந்த நாடு பாடம் கற்றது. ஆக, பிரிட்டனின் துரோக வழக்குகளின் வரலாறு என்பது நீதி படிப்படியாக மேலேறிய வரலாறு. வாதம் இவ்வளவுதான்.

இந்தப் பாதுகாப்புகள் ஏட்டில் இருந்தன என்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஒருவனுடைய கழுத்து அவற்றை நம்பி நின்ற நாளில் அவை எங்கே இருந்தன என்பதே என் கேள்வி.

1. ‘நாளைக்கு வா’ என்று சொல்வதற்குப் பெயர் நீதியா? 1696ஆம் ஆண்டின் அந்தப் புகழ்பெற்ற சட்டம் மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வர வேண்டும். மூன்றாம் வில்லியம் மன்னரைக் கொல்லச் சதி செய்ததாகப் பிடிபட்ட சர் வில்லியம் பார்க்கின்ஸின் விசாரணையை மார்ச் 24 அன்று வைத்தார்கள். பார்க்கின்ஸ் தனக்கு வக்கீல் வேண்டும் என்று கேட்டார். சட்டம் ஏற்கெனவே நிறைவேறிவிட்டது. வக்கீல் வைத்துக்கொள்வது நியாயம் என்று நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டுவிட்டது. ஒரு நாளில் அது அமலாகப்போகிறது. தலைமை நீதிபதி ஹோல்ட் மறுத்தார். இன்றைய சட்டப்படிதான் இன்று நடக்க முடியும் என்றார். பார்க்கின்ஸ் தானே தனக்காகப் பேசினார், குற்றவாளி ஆனார், ஏப்ரல் 3 அன்று மாண்டார்.

அவர் நிரபராதி என்று நான் சொல்ல வரவில்லை. சதியில் அவருக்குப் பங்கு இருந்தது என்றே தெரிகிறது. ஆனால் விசாரணையை இருபத்து நான்கு மணி நேரம் ஒத்திவைக்க முடியாத அளவுக்கு அரசுக்கு என்ன அவசரம்? சட்டம் பிறந்துவிட்டது, கண் திறக்கவில்லை. அதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள்.

கண் திறந்த பிறகாவது? அதே சதியில் சர் ஜான் ஃபென்விக் பிடிபட்டார். புதிய சட்டப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும். இருந்த இரண்டு பேரில் ஒருவனை ஃபென்விக்கின் ஆட்களே பணம் கொடுத்து பிரான்சுக்கு அனுப்பிவிட்டார்கள். மிஞ்சியது ஒரு சாட்சி. சட்டப்படி வழக்கு செத்துவிட்டது. உடனே அரசு நீதிமன்றத்தைக் கைகழுவிவிட்டு நாடாளுமன்றத்துக்குப் போனது. ‘இன்னார் துரோகி, இவரைக் கொல்க’ என்று ஒரு தனி மசோதாவே கொண்டுவந்தார்கள். பிரபுக்கள் சபையில் 68க்கு 61 என்ற கணக்கில் அது தேறியது. 1697 ஜனவரி 28 அன்று ஃபென்விக்கின் தலை விழுந்தது. இரண்டு சாட்சி விதி முதன்முதலாக ஒரு பெரிய மனிதரை உண்மையிலேயே காப்பாற்ற வேண்டிய கட்டம் வந்தது. அந்தக் கட்டத்திலேயே அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சாட்சியை ஓட்டியது அவர் ஆட்கள்தானே என்பீர்கள். சரி, அதைத் தனிக் குற்றமாக விசாரித்திருக்கலாமே. ஒரு ஆளின் சாவைப் பெரும்பான்மை வாக்கெடுப்பில் தீர்மானிப்பதற்கும் 1696ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் என்ன உறவு?

2. 1351ஆம் ஆண்டுச் சட்டம் எல்லைக்கல் நட்டது என்கிறீர்கள். அந்தக் கல் எந்தக் காலத்தில் ஓர் இடத்தில் நின்றது? அந்தச் சட்டம் சொல்லும் முதல் குற்றமே மன்னரின் சாவை மனத்தால் எண்ணுவது. எண்ணத்துக்கு யார் சாட்சி? அதனால், எண்ணத்தைக் காட்டும் வெளிச்செயல் ஒன்று வேண்டும் என்றார்கள். எது வெளிச்செயல் என்பதை நீதிபதிகள் சொல்வார்கள் என்றும் வைத்துக்கொண்டார்கள். கல்லை நகர்த்துவதற்கு இதைவிட வசதி வேண்டுமா?

தாமஸ் மோர் வாயே திறக்கவில்லை. எட்டாம் ஹென்றிதான் திருச்சபைக்குத் தலைவர் என்பதை அவர் ஏற்கவில்லை, மறுத்தும் பேசவில்லை. சட்டம் தெரிந்த மனிதர், மௌனம் தன்னைக் காக்கும் என்று நம்பினார். 1534இல், மன்னரின் பட்டங்களைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லால் மறுப்பதே துரோகம் என்று புதுச் சட்டம் வந்தது. சொல் எங்கே? ரிச்சர்ட் ரிச் என்ற அரசு வழக்கறிஞர், டவர் சிறையில் தன்னோடு பேசும்போது மோர் சொன்னார் என்று சத்தியம் செய்தார். அவன் பொய் சொல்கிறான் என்றார் மோர். 1535 ஜூலை 1 அன்று விசாரணை, 6 அன்று சாவு. சாட்சி சொன்ன ரிச், பின்னாளில் மோர் வகித்த அதே சான்சலர் பதவியில் போய் உட்கார்ந்தார்.

இதற்கும் ஒருபடி மேலே போனது 1683. அல்ஜெர்னான் சிட்னி மீது வழக்கு. அப்போதும் இரண்டு சாட்சிகள் தேவை. வந்தது ஹோவர்ட் பிரபு ஒருவர் மட்டும், அவரும் தன் உயிருக்குப் பயந்து அரசின் பக்கம் தாவியவர். இரண்டாவது சாட்சியாக எதைக் கொண்டுவந்தார்கள் தெரியுமா? சிட்னியின் வீட்டு மேஜையிலிருந்து அள்ளிவந்த கையெழுத்துத் தாள்களை. அச்சேறாதவை, யாருக்கும் காட்டப்படாதவை. மன்னராட்சிக்கு ஆதரவாக வேறொருவர் எழுதியதற்கு அவர் எழுதிவைத்த மறுப்பு. எழுதுவதும் செயல்தான் என்றார் தலைமை நீதிபதி ஜெஃப்ரீஸ். தாள் சாட்சி சொல்லிற்று, சிட்னி செத்தார். ஆட்சி மாறிய பிறகு 1689இல் நாடாளுமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பாடம் கற்றார்கள் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அந்தத் தலை எங்கே போய் ஒட்டும்?

(மறுப்புக் கட்டுரை எழுதுகிறவன் என்ற முறையில் இந்த வழக்கில் எனக்குக் கொஞ்சம் சொந்த அக்கறை உண்டு.)

1603இல் வால்டர் ராலேயின் வழக்கையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வின்செஸ்டரில் நடந்தது. ராலேக்கு எதிராக இருந்த முக்கியமான ஆதாரம் கோபாம் பிரபு எழுதிக்கொடுத்த வாக்குமூலம். கோபாம் பிறகு அதை மாற்றிப் பேசியவர். அவரை என் முன்னால் நிறுத்துங்கள், என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று ராலே திரும்பத் திரும்பக் கேட்டார். கோபாம் செத்துப்போயிருக்கவில்லை, அரசின் காவலில்தான் இருந்தார். கொண்டுவரவில்லை. எதிரே நின்ற அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக், ராலேயை விரியன் பாம்பு என்றார். மரியாதைப் பன்மையை விட்டுவிட்டு வேண்டுமென்றே ‘நீ’ போட்டுப் பேசினார். அன்றைய ஆங்கிலத்தில் ‘நீ’ நம் ‘நீ’யைப் போலவே குத்தும். ஜூரிக்குக் கால் மணி நேரம் போதுமானதாக இருந்தது. அந்தத் தண்டனையைத் தலைக்கு மேலே தொங்கவிட்டு, பதின்மூன்று வருடம் சிறையில் வைத்து, நடுவே தங்கம் தேடி வா என்று கடலுக்கு அனுப்பி, அந்தப் பயணத்தால் ஸ்பெயின் கோபித்துக்கொண்டதும், 1618இல் அதே பழைய தீர்ப்பின் பேரில் வெட்டினார்கள்.

இந்தக் கோக்தான் பிற்காலத்தில் குடிமக்கள் உரிமையின் காவலர் என்று புகழ்பெற்றவர். துரோக வழக்கில் இரண்டு சாட்சிகள் கட்டாயம் என்று தன் சட்ட நூலில் எழுதியவரும் அவரே. நூலில் எழுதினார், வின்செஸ்டரில் எழுந்து சொல்லவில்லை.

3. ஜூரி காப்பாற்றியதா? காப்பாற்றியபோது அந்த ஜூரிக்கு என்ன நடந்தது என்று கேட்டீர்களா? 1554இல் நிக்கோலஸ் த்ராக்மார்ட்டனை ஜூரிகள் விடுவித்தார்கள். தானே வாதாடி வென்ற வழக்கு அது. ‘குற்றவாளி அல்ல’ என்று சொன்ன ஜூரிகளைச் சிறைக்கு அனுப்பினார்கள், பெருந்தொகை அபராதமும் விதித்தார்கள். விடுதலையான த்ராக்மார்ட்டன் உடனே வீட்டுக்குப் போகவும் இல்லை. மறுபடி டவர் சிறைக்கே போனார்.

அது 1554, 1670இல் புஷெல் வழக்குக்குப் பிறகு ஜூரியைத் தண்டிக்க முடியாது என்றாகிவிட்டதே, என்று குறுக்கிடுவீர்கள். உண்மை. அதன் பிறகு ஜூரியைத் தண்டிக்கவில்லை, ஜூரியை மாற்றினார்கள். 1681இல் ஸ்டீஃபன் காலேஜ் என்ற தச்சர் மேல் வந்த குற்றச்சாட்டை லண்டன் ஜூரி தள்ளிவிட்டது. அத்தோடு முடிய வேண்டிய கதை. வழக்கை ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், அங்கே மன்னருக்கு இணக்கமான ஜூரியைப் பிடித்துத் தூக்கில் போட்டார்கள். அதற்கு முந்தைய வருடம் ஐரிஷ் பேராயர் ஆலிவர் பிளங்கெட்டுக்கு எதிரான வழக்கு டண்டாக்கில் எடுபடவில்லை. அவரைக் கடல் தாண்டி லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். தன் சாட்சிகள் அயர்லாந்திலிருந்து வர அவகாசம் வேண்டும் என்று அவர் கேட்டபோது கிடைத்த நாட்கள் போதவில்லை. டைபர்ன் தூக்குமேடையில் முடிந்தது.

1746இல் இன்னும் எளிதான வழி கண்டுபிடித்தார்கள். யாக்கோபியக் கலகத்தில் பிடிபட்ட ஆயிரக்கணக்கான ஸ்காட்லாந்துக்காரர்களை ஸ்காட்லாந்தில் விசாரித்தால் ஜூரி விட்டுவிடும். ஆகவே இங்கிலாந்துக்கு ஓட்டிவந்தார்கள். சாதாரண ஆட்களில் யாரை விசாரிப்பது? சீட்டுக் குலுக்கினார்கள். இருபதில் ஒருவனுக்குத் துரோக விசாரணை. மீதிப் பத்தொன்பது பேரை நாடுகடத்திவிடலாம். நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனியில்கூட சீட்டு விழுந்தவனுக்குத்தான் லாபம்.

4. சட்டத்தின் நேர்மையை நம்பி வாதாடியவர்களின் கதியைப் பாருங்கள். இதில் எனக்கு மிகவும் வலிக்கும் வழக்கு சர் ஹென்றி வேனுடையது. முதலாம் சார்லஸ் மன்னர் 1649 ஜனவரி 30 அன்று வெட்டப்பட்டதில் அவருக்குப் பங்கில்லை. மரண உத்தரவில் கையெழுத்திட்ட 59 பேரில் அவர் பெயர் கிடையாது. அதன் பிறகு நாட்டை ஆண்ட நாடாளுமன்றத்தின் கீழ் அவர் வேலை பார்த்தார், அவ்வளவுதான். 1660இல் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தார். வேனைக் கொல்ல மாட்டோம் என்ற பொருளில் நாடாளுமன்றத்துக்கு வாக்கும் கொடுத்தார். 1662இல் வழக்கு வந்தது.

வேன் தன் பக்கம் சட்டத்தை வைத்திருந்தார். ஏழாம் ஹென்றி காலத்தில், 1495இல் போட்ட சட்டம் அது: நடப்பில் யார் ஆள்கிறாரோ அவருக்குப் பணி செய்தவனைப் பின்னால் வரும் மன்னர் துரோகி என்று தண்டிக்கக் கூடாது. எளிய மனிதனுக்கு இதைவிட நியாயமான சட்டம் இருக்க முடியாது. ராஜாக்கள் அடித்துக்கொள்வார்கள், குடிமகன் யாருக்கு வரி கட்டுவான், யார் சொல் கேட்பான்?

நீதிபதிகள் அந்தச் சட்டத்தைத் தொடவில்லை, காலண்டரைத் தொட்டார்கள். இரண்டாம் சார்லஸ் தன் தந்தை இறந்த கணத்திலிருந்தே மன்னர்தான். நடப்பிலும் அவர்தான் ஆண்டார் என்றார்கள். பதினொரு ஆண்டுகள் அவர் ஆண்டது எந்த நடப்பில்? பெரும்பகுதி வெளிநாடுகளில் கடன் வாங்கிப் பிழைத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் இன்றுவரை 1660இல் போட்ட சட்டங்கள் ‘இரண்டாம் சார்லஸின் 12ஆம் ஆண்டு’ என்றே சட்டத் தொகுதிகளில் குறிக்கப்படுகின்றன. அந்தக் கணக்கின்படி வேன் பதினொரு ஆண்டு துரோகம் செய்தார். இவரை உயிரோடு விடுவது ஆபத்து என்று மன்னர் தன் அமைச்சர் கிளாரண்டனுக்கு எழுதினார். கொடுத்த வாக்கு போயிற்று. ஜூன் 14 அன்று வெட்டு மேடையில் வேன் பேசத் தொடங்கியபோது, கூட்டத்துக்குக் கேட்காமலிருக்க எக்காளம் ஊதினார்கள்.

இரண்டு ஆண்டுக்கு முன், மன்னரைக் கொன்றவர்களை விசாரித்த குழுவில் ஜார்ஜ் மங்க் உட்கார்ந்திருந்தார் என்பதையும் நினைவில் வையுங்கள். மன்னர் இல்லாத காலத்தில் ஆண்ட கிராம்வெல்லுக்காக ஸ்காட்லாந்தை அடக்கிவைத்த தளபதி அவர். சரியான நேரத்தில் கட்சி மாறியதால் கூண்டுக்குப் பதில் நீதிபதி ஆசனம் கிடைத்தது.

5. இப்போது உங்கள் 1794க்கே வருகிறேன். அந்த வருடம் ஒருவரும் சாகவில்லையா? ஹார்டியின் விசாரணை தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு, அக்டோபர் 15 அன்று, எடின்பரோவில் ராபர்ட் வாட் என்பவரை ராஜத் துரோகத்துக்காகக் கொன்றார்கள். அதே சட்டம், அதே அரசு. முன்பு அரசுக்கே உளவு சொல்லிக் காசு வாங்கியவர் அவர். லண்டன் கதை சொல்கிறவர்கள் எடின்பரோவை விட்டுவிடுகிறார்கள்.

ஹார்டி வென்றார் என்பதும் பாதிக் கதை. மே மாதம் பிடித்தவரை நவம்பர் வரை உள்ளே வைத்திருந்தார்கள். ஆட்கொணர்வு உரிமையை நாடாளுமன்றம் நிறுத்திவைத்திருந்தது. அவர் சிறையில் இருந்தபோது ஒரு வெறிக் கூட்டம் அவர் வீட்டைத் தாக்கியது. கர்ப்பிணியாக இருந்த மனைவி தப்பினார், ஆகஸ்டில் பிரசவத்தில் இறந்தார். குழந்தையும் நிற்கவில்லை. ஜூரி விடுவித்த மனிதர் திரும்பிப் போக வீடு என்று எதுவும் மிஞ்சவில்லை.

அதைவிட முக்கியம், அரசு அந்தத் தோல்விக்கு என்ன பதில் செய்தது என்பது. சீர்திருத்தம் கேட்பது மன்னரின் சாவை எண்ணுவது ஆகாது, சட்டத்தை இழுத்து நீட்டாதீர்கள் என்பதே எர்ஸ்கினின் வாதம். ஜூரி அதை ஏற்றது. மறு ஆண்டே, 1795இல், நாடாளுமன்றம் சட்டத்தை அந்த நீளத்துக்கு அதிகாரபூர்வமாக நீட்டிவிட்டது. மன்னரின் கொள்கையை மாற்றவோ நாடாளுமன்றத்தை மிரட்டவோ பலத்தைப் பயன்படுத்த எண்ணி, அதை எழுத்தில் வெளியிட்டாலே துரோகம். ஐம்பது பேருக்கு மேல் அரசியல் கூட்டம் கூடவும் கட்டுப்பாடு. 1799இல் ஹார்டியின் சங்கத்தைப் பெயர் சொல்லியே தடைசெய்தார்கள். ஒன்பது மணி நேரம் பேசித் தோற்ற ஜான் ஸ்காட், எல்டன் பிரபு என்ற பெயரில் கால் நூற்றாண்டு அளவுக்கு சான்சலராக வீற்றிருந்தார்.

ஆக, 1794இல் ஹார்டியைக் காப்பாற்றியது சட்டமா? சட்டம் அவரைக் கூண்டில் ஏற்றியது. காப்பாற்றியவர்கள் பன்னிரண்டு லண்டன்வாசிகள். அவர்கள் செய்த நல்ல காரியத்தை, அதைச் செல்லாததாக்க முயன்ற அரசின் கணக்கில் வரவு வைக்கிறீர்கள். பாரிஸோடு ஒப்பிடுவதையும் விட்டுவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரன் மனைவியைக் கொன்றுவிட்டான் என்பதால் இந்த வீட்டுக்காரன் அடித்தது தடவிக்கொடுத்ததாக ஆகிவிடாது.

6. இரண்டு சாட்சி விதி யாருக்காக? ஐரிஷ் கடலைத் தாண்டினால் அது செல்லாது. 1696ஆம் ஆண்டுச் சட்டம் அயர்லாந்துக்குப் பொருந்தாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். லண்டனில் ஒருவனைக் கொல்ல இரண்டு சாட்சி. டப்ளினில் ஒன்று போதும். 1798இல் ஷியர்ஸ் சகோதரர்கள் இருவர் அந்த ஒற்றைச் சாட்சியில் போனார்கள். அந்தச் சாட்சி ஆர்ம்ஸ்ட்ராங் என்ற படைத் தலைவன். அவர்கள் வீட்டுக்குப் போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவன். இரவு முழுக்க விசாரணை, விடிந்ததும் தீர்ப்பு, மறுநாள் தூக்கு. இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யும் சட்டம் 1821இல் வந்தது. அதற்குள் தூக்க வேண்டியவர்களைத் தூக்கி முடித்திருந்தார்கள்.

வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையா? 1803இல் ராபர்ட் எம்மெட்டுக்கு வக்கீல் இருந்தார். லெனார்ட் மக்நாலி. ஐரிஷ் புரட்சியாளர்களுக்காக வருடக்கணக்கில் நின்றவர், நம்பிக்கையான ஆள். அவர் அரசிடம் பணம் வாங்கிக்கொண்டு தன் கட்சிக்காரர்களின் ரகசியங்களை விற்றவர் என்பது 1820இல் அவர் இறந்த பிறகே வெளியே தெரிந்தது. எம்மெட் செப்டம்பர் 19 அன்று விசாரிக்கப்பட்டார், 20 அன்று தூக்கிலிடப்பட்டார். வேலியே பயிரை மேய்ந்தது என்று நம்மவர்கள் சொல்வார்கள். இங்கே வேலியைக் கூலிக்கு அமர்த்தியதே அரசாங்கம்.

நமக்கு வந்து சேர்ந்தது லண்டனின் விதி இல்லை, டப்ளினின் விதிதான். இந்தியாவுக்கு அவர்கள் எழுதித்தந்த தண்டனைச் சட்டத்தில் மன்னருக்கு எதிராகப் போர் தொடுக்கும் குற்றம் இருந்தது, 1870இல் சேர்த்த 124ஏ என்ற ராஜநிந்தனைப் பிரிவும் இருந்தது. இரண்டு சாட்சி விதி இருக்கவில்லை. 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே, வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனை கொடுத்தது பேச்சுக்காக. சட்டம் நல்லது, பிறகு வந்த நம் ஆட்கள்தான் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்கிறவர்கள் அந்த வருடத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

7. ‘எல்லாம் பழங்கதை, இருபதாம் நூற்றாண்டில் அப்படி இல்லை.’ இதுதான் கடைசிப் புகலிடம். சரி, இருபதாம் நூற்றாண்டுக்கே வருவோம்.

1916இல் ஐரிஷ் விடுதலைப் போராளி ரோஜர் கேஸ்மெண்ட் மீது போட்டது 1351ஆம் ஆண்டுச் சட்டம். நார்மன் பிரெஞ்சு மொழியில், நிறுத்தற்குறி இல்லாமல் எழுதிய ஒரு வாக்கியம். நாட்டுக்குள் இருந்துகொண்டு பகைவர்க்கு உதவுவது துரோகம் என்கிறதா, வெளியே இருந்து உதவினாலும் துரோகம் என்கிறதா? கேஸ்மெண்ட் செய்தது ஜெர்மனியில். ஒரு காற்புள்ளி எங்கே விழும் என்பதில் அவர் உயிர் இருந்தது. காற்புள்ளி அரசின் பக்கம் விழுந்தது. வழக்கை நடத்திய தலைமை வழக்கறிஞர் எஃப்.இ. ஸ்மித், இரண்டு ஆண்டுக்கு முன்பு அல்ஸ்டர் தொண்டர் படைக்குத் துணையாக நின்றவர். அந்தப் படை 1914 ஏப்ரலில் ஜெர்மன் துப்பாக்கிகளை ஆயிரக்கணக்கில் லார்னில் கொண்டுவந்து இறக்கியது. அதற்காக ஒருவர் மீதும் துரோக வழக்கு இல்லை. பிரபுக்கள் சபைக்கு மேல்முறையீடு போக வேண்டுமானால் தலைமை வழக்கறிஞரின் அனுமதி வேண்டும். அதாவது ஸ்மித்தின் அனுமதி. அவர் மறுத்தார். கருணை காட்டச் சொல்லிக் குரல்கள் எழுந்தபோது, கேஸ்மெண்டின் அந்தரங்க நாட்குறிப்பு என்று சில பக்கங்களை அமெரிக்கத் தூதருக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் காட்டினார்கள். ஆகஸ்ட் 3 அன்று பெண்டன்வில் சிறையில் தூக்கு. இவருக்காவது திறந்த நீதிமன்றம் கிடைத்தது. அதே ஆண்டின் ஐரிஷ் எழுச்சிக்காக மே மாதத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட பதினைந்து பேருக்கு மூடிய கதவுக்குப் பின்னால் ராணுவ விசாரணை, வக்கீலும் இல்லை.

கடைசியாக வில்லியம் ஜாய்ஸ். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் வானொலியில் பிரிட்டனுக்கு எதிராகப் பேசியவர், நாஜி, யூத வெறுப்பாளர். அவருக்காக அழ என்னிடம் கண்ணீர் இல்லை. ஆனால் சட்டம் நல்லவர்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பது சோதனையே அல்ல. ஜாய்ஸ் பிறந்தது நியூயார்க்கில், புரூக்ளினில். அவர் பிரிட்டிஷ் குடிமகனே அல்ல என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. பிறகு எப்படித் துரோகம்? பொய் சொல்லி பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கியிருந்தார். அது 1940 ஜூலை 2 வரை செல்லும். அதுவரை மன்னரின் பாதுகாப்பில் இருந்தார், எனவே விசுவாசக் கடமை உண்டு என்றார்கள். சரி, அந்தக் காலத்துக்குள் அவர் வானொலியில் பேசினார் என்பதற்கு ஆதாரம்? அவர் குரலைக் கேட்டு அடையாளம் கண்டதாகச் சொன்ன காவல் துறை ஆய்வாளர் ஒருவர். ஒரே ஒருவர்.

இரண்டு சாட்சி விதி என்ன ஆயிற்று? 249 ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் இருந்த அந்த விதியை, 1945ஆம் ஆண்டு ராஜத் துரோகச் சட்டத்தின் மூலம் நீக்கிவிட்டார்கள். கொலை வழக்குக்கு என்ன நடைமுறையோ அதுவே இனி துரோக வழக்குக்கும் போதும். நடைமுறையை எளிமையாக்குகிறோம் என்றார்கள். அந்தச் சட்டத்துக்கு மன்னர் ஒப்புதல் தந்த நாள் ஜூன் 15. ஜாய்ஸை விமானத்தில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த நாள் ஜூன் 16. பார்க்கின்ஸுக்குப் பாதுகாப்பு ஒரு நாள் பிந்தி வந்தது. ஜாய்ஸுக்கு ஒரு நாள் முந்திப் போய்விட்டது.

வழக்கு பிரபுக்கள் சபைவரை போனது. டிசம்பர் 18 அன்று மேல்முறையீட்டைத் தள்ளினார்கள். ஐவரில் போர்ட்டர் பிரபு மட்டும் உடன்படவில்லை. காரணங்களைப் பிறகு சொல்வோம் என்றார்கள். அதே மாதங்களில் டெல்லி செங்கோட்டையில் இன்னொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மலேயாத் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் சேர்ந்த இந்திய தேசிய ராணுவத்தின் அதிகாரிகள் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மீது மன்னருக்கு எதிராகப் போர் தொடுத்த குற்றம். இவர்கள் பேசியதோடு நிற்கவில்லை, ஆயுதம் எடுத்தவர்கள். ராணுவ நீதிமன்றம் மூவரும் குற்றவாளிகள் என்றது. ஆயுள் முழுக்க நாடுகடத்தல் என்று தண்டனையும் விதித்தது. வெளியே நாடு கொதித்துக்கொண்டிருந்தது. தளபதி ஆச்சின்லெக் அந்தத் தண்டனையை ரத்து செய்தார். மூவரும் வெளியே நடந்து போனார்கள். நான் அதற்கு மகிழ்கிறேன். ஆனால் எந்தச் சட்டப் பிரிவு அவர்களை விடுவித்தது என்று யாராவது சொல்லுங்கள்.

ஆச்சின்லெக் அந்த உத்தரவைப் பிறப்பித்த நாள் 1946 ஜனவரி 3. அன்று காலைதான் லண்டன் வாண்ட்ஸ்வொர்த் சிறையில் ஜாய்ஸைத் தூக்கில் போட்டார்கள். அவருடைய மேல்முறையீட்டை ஏன் தள்ளினோம் என்ற காரணங்களைப் பிரபுக்கள் சபை பிப்ரவரி 1 அன்று வெளியிட்டது.